லோ ஹைட்ரஜன்

ஹைட்ரஜன் என்ற வார்த்தையை நான் முதலில் பார்த்தது வேதியியல் புத்தகத்தில் இல்லை, வெல்டிங் ராடு பாக்கெட்டில். சங்கராபுரம் சாலையில் அப்பா பட்டறை வைத்திருந்தார். கேட், கிரில், கலப்பை, கரும்பு டிரெய்லர் என்று எது வந்தாலும் செய்வார். சாதாரண வேலைக்கு 6013 ராடு. பாரம் தாங்க வேண்டிய வேலை என்றால் மட்டும் உள்ளே போய் 7018 எடுத்து வருவார். அந்தப் பாக்கெட்டில் 'லோ ஹைட்ரஜன்' என்று அச்சடித்திருக்கும். ஒரு சாமானில் ஏதோ ஒன்று குறைவாக இருக்கிறது என்பதைப் பெருமையாக ஏன் போட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த ராடுகளுக்கு என்று தனி மரியாதை உண்டு. பழைய எண்ணெய் டின்னுக்குள் 100 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். ராடுகள் அதற்குள்தான் இருக்கும். மழைக்காலத்தில் அதுவும் போதாது என்று கரி அடுப்பின் மேல் தகரம் போட்டு, அதில் பரப்பிச் சூடாக்குவார். எங்கள் ஊரில் மழையும் கரும்பு வெட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். சேற்றில் இழுத்து இழுத்து டிரெய்லர் கொக்கி உடைவதும் அப்போதுதான்.

"அண்ணே, ரெண்டு ராடு வச்சு விட்டுடுங்க. மில்லுல டோக்கன் போட்டாச்சு."

"ராடு ஈரமா இருக்குது. காயட்டும், உக்காரு."

"பிடிச்சாப் போதும்ணே."

"இப்ப வச்சா இப்ப பிடிக்கும்பா. நாளைக்கு ராத்திரி பாரத்தோட விரியும். மேட்டுல ஏறும்போது விட்டுச்சுன்னா பின்னாடி வர்றவன் கதி?"

இப்படி ஒரு பேச்சு வருஷத்துக்கு நாலைந்து தடவை நடக்கும். சிலர் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். அப்பா யாரையும் தடுத்ததில்லை.

அவர் சொன்னது அனுபவத்தில் கண்டது. நடப்பது இதுதான்: ராடின் மேல்பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆர்க்கின் சூட்டில் அந்தத் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் தனித்தனி அணுக்களாகப் பிரிகிறது. உருகிய இரும்பு அதைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். இரும்பு இறுகி ஆறும்போது அவ்வளவையும் வைத்துக்கொள்ள உள்ளே இடம் இல்லை. மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் இரும்பு அணுக்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் மெதுவாக நடந்துபோய், விறைத்துப்போன பகுதிகளிலும் நுண்ணிய பழுதுகளிலும் சேர்கிறது. சேர்ந்து முடிக்கச் சில மணி நேரமாகும், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட. அதனால்தான் இன்றைக்கு நன்றாக இருந்த வெல்டிங் மறுநாள் விரிகிறது. லாரிப் பட்டை போல கார்பன் அதிகமுள்ள இரும்பில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வேகமாக ஆறும்போது அது கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும். ஹைட்ரஜனுக்கு அது போதும்.

நான் பிற்பாடு பொறியியல் படித்து, இப்போது தகவல் சேமிப்பகங்களுக்கான மென்பொருள் எழுதுகிறேன். தினமும் புழங்குவது காந்தத்தட்டுகளோடும் சில்லுகளோடும். ஒரு நாள் புதுவகை நினைவகங்களைப் பற்றி வாசிக்கும்போது இதே ஹைட்ரஜன் வேறு வேஷத்தில் எதிரே வந்து நின்றது. சில அணு தடிமனே உள்ள உலோகப் படலத்துக்குள் ஹைட்ரஜன் நுழைந்தால் அந்தப் படலத்தின் காந்தத்தன்மை மாறுகிறது. வெளியேறினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு வாயு காந்தத்தைத் திருப்புகிறது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் உலோகத்துக்குள் சின்ன அணு நுழைந்து அதை வேறொன்றாக மாற்றுவது எங்கள் மாவட்டத்துக்குப் பழைய சமாச்சாரம்.

கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் செய்தியில் பார்த்த வேறு விஷயங்கள்தான் ஞாபகம் வருகின்றன. மேல்சிறுவளூர் என்ற பெயர் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கே அவ்வளவு பழக்கமில்லை. தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் அங்கே பழைய உருக்கு மூசைகளின் உடைசல்களை அடையாளம் கண்டு 1994ல் கட்டுரை எழுதினார். அது பழைய தென்னார்க்காட்டுப் பகுதி. உலகம் 'வூட்ஸ்' என்று அழைத்த உருக்கு செய்யப்பட்ட இடங்களில் ஒன்று அது. அந்தச் சொல்லே நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' இவற்றின் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சிதைந்தது என்று சொல்வார்கள்.

செய்முறை கேட்க எளிது. நெல் உமி கலந்த களிமண்ணில் மூசை. அதற்குள் தேனிரும்புத் துண்டுகள், கூடவே காய்ந்த செடிகொடி. வாயை மண்ணால் அடைத்து மணிக்கணக்கில் உலையில் வைத்து, பிறகு மெதுவாக ஆறவிடுவது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் இந்தப் பக்கத்து முறையைப் பற்றி எழுதும்போது ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் குறிப்பிடுகிறார். ஆவாரையும் எருக்கும்! கல்வராயன் மலை அடிவாரத்தில் எந்தத் தரிசில் வேண்டுமானாலும் இரண்டையும் பார்க்கலாம். கட்டை கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் இறங்கும். எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு போனாலே போதும், வளையும் இரும்பு வெட்டும் உருக்காகிவிடும். இரும்பை உருக்காக்குவது கார்பன்தான் என்று பிரான்சில் வாண்டர்மோண்ட், பெர்த்தோலே, மோன்ஜ் மூவரும் எழுதியது 1786ல். மைக்கேல் ஃபாரடே இளைஞராக இருந்தபோது, 1819ல், வூட்ஸைப் பகுத்தாய்ந்தார். அதன் சிறப்புக்குக் காரணம் அதிலுள்ள அலுமினியம் என்று அவரும் கத்தி வியாபாரி ஸ்டோடார்ட்டும் நினைத்தார்கள். அது தவறு. ஆனாலும் ஃபாரடே நம்ம ஊர் இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இங்கே ஒரு பாரா புலம்ப அனுமதியுங்கள். 2006ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஒரு குழு 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டதாக எழுதியது. அது 'பண்டைத் தமிழரின் நானோ தொழில்நுட்பம்' என்று வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி எனக்கே இருபது தடவை வந்திருக்கும். நானோகுழாய் தெரிந்தா ஆவாரங்கட்டையைப் போட்டார்கள்? கட்டையின் அளவு, உலையின் சூடு, எத்தனை மணி நேரம், எவ்வளவு மெதுவாக ஆற வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. அது பெரிய விஷயம். அதன் மேல் நாம் ஒட்டும் ஸ்டிக்கர் அதைச் சின்னதாக்குகிறது.

கார்பன் காந்தத்துக்கு என்ன செய்கிறது என்பதுதான் இங்கே தேவையானது. சுத்தமான இரும்பு சுலபமாகக் காந்தமாகும், சுலபமாக மறந்தும்விடும். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஆணி ஒட்டும், எடுத்துவிட்டால் விழும். கார்பன் ஏறி, கடினப்படுத்திய உருக்கு அப்படியில்லை. அதற்குள் காந்தப் பகுதிகளின் எல்லைகள் நகர முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. ஒரு தடவை காந்தமாக்கினால் பிடித்து வைத்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் புதுக் கலவைகள் வரும்வரை செயற்கை நிலைக்காந்தம் என்றால் உருக்குதான். நான் சோறு தின்னும் தொழிலின் மொழியில் சொன்னால், இரும்புக்கு ஞாபகசக்தி கொடுத்தது கார்பன். ஆனால் கார்பன் ஒரு தடவை வந்தால் வந்ததுதான். அதை வெளியே எடுக்க மறுபடி உலைதான் மூட்ட வேண்டும். மேல்சிறுவளூர் மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த உலோகத் துளிகளில் அந்தக் கார்பன் இன்னும் அப்படியே இருந்ததால்தான் அங்கே என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடிந்தது.

ஹைட்ரஜன் வேறு சாதி விருந்தாளி. சூடே இல்லாமல், அறை வெப்பத்தில் வரும், போகும்.

இதை முதலில் பார்த்தவர் தாமஸ் கிரஹாம். ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் நாணயச்சாலையின் தலைவர். 1866ல் பல்லேடியம் என்ற வெள்ளை உலோகம் ஹைட்ரஜனைக் குடிப்பதைக் கண்டார். தன் கனஅளவைப் போல 900 மடங்கு வரை குடிக்கும். ஒரு தம்ளர் அளவு உலோகத்துக்குள் 900 தம்ளர் வாயு. வாயுவாக அல்ல: ஹைட்ரஜன் மூலக்கூறு பல்லேடியத்தின் மேற்பரப்பிலேயே இரண்டாக உடைந்து, ஒற்றை அணுக்களாக உள்ளே இறங்கி, பல்லேடிய அணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் உட்கார்ந்துகொள்கிறது. உலோகம் உப்புகிறது. நிறைந்த நிலையில் கனஅளவு சுமார் 10 சதவீதம் கூடிவிடும்.

இப்படி உள்ளே போன ஹைட்ரஜன் உண்மையில் ஒரு உலோகம் என்று கிரஹாம் நம்பினார். அதற்கு 'ஹைட்ரஜீனியம்' என்று பெயர் வைத்தார், அந்தக் கலவையில் சிறு பதக்கங்கள்கூட அடித்தார். கையில் நாணயச்சாலை இருந்தால் வேறென்ன செய்வார் மனுஷன்! 1869ல் இன்னொன்றும் சொன்னார்: ஹைட்ரஜீனியம் காந்தத்தன்மை உடையது. அந்த வருஷமே இறந்தும்போனார். ஹைட்ரஜன் நுழைவதும் காந்தமும் தொடர்புடையவை என்பதைத் தொட்டுவிட்டார், ஆனால் திசை தலைகீழ். பல்லேடியம் தானாகக் காந்தமாகாது என்றாலும் காந்தமாவதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும் உலோகம். ஒரு துளி இரும்பைக் கலந்தால் அந்த இரும்பு அணுவைச் சுற்றியுள்ள பல்லேடியம் எல்லாம் காந்தமாகிவிடும். ஹைட்ரஜன் ஏற ஏற இந்த நாட்டம் குறைந்துகொண்டே வருகிறது. 10 பல்லேடிய அணுவுக்கு 6 ஹைட்ரஜனுக்குச் சற்று மேல் போனதும் காணாமலே போகிறது.

ஏன் 6? 1936ல் நெவில் மாட்டும் ஹாரி ஜோன்ஸும் தங்கள் புத்தகத்தில் மிக அழகான விளக்கம் கொடுத்தார்கள். பல்லேடியத்தின் ஒரு எலக்ட்ரான் அடுக்கில் அணுவுக்கு 0.6 காலியிடம் இருக்கிறது. காந்த நாட்டத்துக்குக் காரணம் அந்தக் காலியிடங்கள். ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன் எலக்ட்ரானை அதில் போடுகிறது. 0.6 ஹைட்ரஜன் வந்ததும் நிரம்பிவிடுகிறது, கதை முடிந்தது. கணக்கு அவ்வளவு கச்சிதம். 1960களில் அந்தக் காலியிடத்தை நேரடியாக அளக்க முடிந்தபோது கிடைத்த எண் 0.6 அல்ல, 0.36. ஹைட்ரஜன் பஸ்ஸில் காலி சீட்டில் உட்காரும் பயணி மாதிரி நடந்துகொள்வதில்லை. ஏறியதும் சீட்டுகளையே இடம்மாற்றிப் போடுகிறது. எலக்ட்ரான் மட்டங்கள் சில கீழே இறங்குகின்றன, சில விலகுகின்றன. எல்லாம் சேர்ந்துதான் காந்த நாட்டம் போகிறது. அந்தத் தப்பான விளக்கம் இன்றைக்கும் சில இடங்களில் பாடமாகத் தொடர்கிறது. எண் பொருந்திவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. மென்பொருளிலும் இதே நோய்தான், டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டால் ஏன் பாஸ் ஆனது என்று யார் பார்க்கிறார்கள்?

இதெல்லாம் கட்டி உலோகத்தின் கதை. படலம் என்று வரும்போது ஆட்டமே மாறுகிறது.

கோபால்ட்டை ஒரு நானோமீட்டர் தடிமனுக்குப் பூசினால் அது ஏறக்குறைய ஐந்து அணு அடுக்கு. இவ்வளவு மெல்லிய காந்தத்தில் இரண்டு சக்திகள் சண்டை போடுகின்றன. தட்டையான எந்தக் காந்தமும் தன் காந்தத்திசையைப் படுக்கையாக வைத்துக்கொள்ளத்தான் விரும்பும். நிமிர்ந்து நின்றால் முகப்பு முழுக்க ஒரு துருவம், முதுகு முழுக்க இன்னொரு துருவம் என்று ஆகி ஆற்றல் அதிகம் செலவாகும். ஆனால் கோபால்ட்டுக்குப் பக்கத்தில் பல்லேடியத்தை வைத்தால், இரண்டும் தொடும் எல்லையில் எலக்ட்ரான்கள் கலந்து, திசையை நிமிர்த்தி நிறுத்தப் பார்க்கும். தடிமன் அதிகமானால் படுக்கை ஜெயிக்கும். ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தால் எல்லை ஜெயிக்கும். கோபால்ட், பல்லேடிய அடுக்குகள் இப்படி நிமிர்ந்து நிற்பதை கார்சியாவும் சகாக்களும் 1985ல் காட்டினார்கள். இன்றைய ஹார்ட் டிஸ்குகளும் தகவலை நிமிர்ந்து நிற்கும் காந்தத்துணுக்குகளில்தான் எழுதுகின்றன.

இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் தடிமனில் படலத்தைச் செய்துவைத்து, ஹைட்ரஜனை விட்டால் என்ன ஆகும்? கோபால்ட் ஹைட்ரஜனைச் சீண்டாது. பல்லேடியம் குடிக்கும். குடித்து உப்பும், எல்லையில் கோபால்ட்டை இழுக்கும், எல்லையின் எலக்ட்ரான் கணக்கையும் கலைக்கும். தராசு சாயும். அடுக்குகளின் வரிசையையும் தடிமனையும் பொறுத்து, நின்ற காந்தம் படுக்கலாம், படுத்தது எழலாம், அல்லது அதைத் திருப்பத் தேவையான புலத்தின் அளவு மாறலாம். நுழைந்தது காந்த உலோகத்துக்குள்கூட இல்லை, பக்கத்து வீட்டுக்குள். பக்கத்து வீட்டில் ஆள் வந்தால் இந்த வீட்டில் திசை மாறுகிறது.

இதையே இன்னும் விசித்திரமாக 1997ல் ஸ்வீடனின் ஹ்யோர்வார்சன் குழு செய்துகாட்டியது. இரும்பு, வனேடியம், இரும்பு, வனேடியம் என்று மாறிமாறி அடுக்கிய படலம். அடுத்தடுத்த இரும்பு அடுக்குகள் நடுவிலுள்ள வனேடியத்தின் எலக்ட்ரான்கள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரே திசையில் நிற்பதா, எதிரெதிராகவா என்று முடிவுசெய்யும். இந்தப் பேச்சை முதலில் கவனித்த பீட்டர் க்ருன்பர்க்கும், ஆல்பர்ட் ஃபெர்ட்டும் 1988ல் கண்ட விளைவுதான் ஹார்ட் டிஸ்குகளின் வாசிப்பு முனையைப் புரட்டிப்போட்டது. 2007ல் நோபலும் கிடைத்தது. ஹ்யோர்வார்சன் குழு வனேடியத்துக்குள் ஹைட்ரஜனை விட்டது. இரும்பு அடுக்குகளின் உறவு எதிரெதிரிலிருந்து ஒரே திசைக்கு மாறியது. ஹைட்ரஜனை எடுத்ததும் திரும்ப மாறியது. வழக்கமாக நடு அடுக்கின் தடிமனை மாற்ற வேண்டுமானால் புதுப்படலம்தான் செய்ய வேண்டும். இங்கே ஒரே படலத்தில் வாயுவைத் திறந்து மூடினால் போதும்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு, காந்தம் ஹைட்ரஜனைக் காட்டிக்கொடுத்த கதை. 1969ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சமாரியம், கோபால்ட் கலந்த புதுக் காந்தப்பொடியின் வலிமை ஏன் விழுகிறது என்று ஆராய்ந்தார்கள். பொடி ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் அதே குடும்பத்தைச் சேர்ந்த லாந்தனம், நிக்கல் கலவை ஹைட்ரஜனைச் சேமிக்கும் என்று கண்டார்கள். பிறகு அது ரீசார்ஜ் பேட்டரிகளில் வந்து உட்கார்ந்தது. நம் பக்கத்திலும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் இயற்பியல் துறையில் இப்படிப்பட்ட அருமண் கலவைகளில் ஹைட்ரஜனை ஏற்றிக் காந்தத்தன்மையை அளக்கும் வேலை நடந்திருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். பட்டறை இப்போது இல்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கையில் இருந்த கிரீம் பிஸ்கட்டைப் பிரித்துக் காட்டி, பிஸ்கட் காந்தம், கிரீம் பல்லேடியம், ஹைட்ரஜன் கிரீமுக்குள்ள போகுது என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"உள்ள போறது பெருசு இல்லடா. போனது மொத்தமும் திரும்ப வெளிய வருமா?"

"வந்துடும்னு சொல்றாங்கப்பா."

"சொல்றாங்களா, அளந்து பாத்தாங்களா?"

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். கனமான வேலை முடிந்ததும் அதை அப்படியே விடமாட்டார். சாம்பலில் புதைத்துவைப்பார். மெதுவாக ஆறினால்தான் இரும்பு விறைக்காது, உள்ளே மாட்டியதும் வெளியேற நேரம் கிடைக்கும். அவர் நாற்பது வருஷம் கவலைப்பட்டது வெளியே வராமல் தங்கிவிட்ட அந்த மிச்சத்தைப் பற்றித்தான். படல ஆராய்ச்சியிலும் மையமான கேள்வி அதுவேதான் என்பது மறுபடி படிக்க உட்கார்ந்தபோது தெரிந்தது.

அளந்திருக்கிறார்கள். பதில் நேர்கோடாக இல்லை. பல்லேடியப் படலம் கண்ணாடியிலோ சிலிக்கானிலோ ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் உப்ப முடியாது, மேல்நோக்கித்தான் உப்ப வேண்டும். அந்த அழுத்தத்தில் முதல் தடவை ஹைட்ரஜன் ஏறும்போதே உள்ளே நிரந்தரமான நெளிவுகள் விழலாம். தடிமன் கூடினால் படலம் கொப்புளித்து உரியும். அதனால் முதல் சுற்று ஒரு மாதிரி, அடுத்த சுற்றுகள் வேறு மாதிரி. ஆய்வாளர்கள் முதல் சில சுற்றுகளைப் பழக்கப்படுத்துவதற்கே ஒதுக்குவதுண்டு. மெல்லிய படலம் கூடுதலாகத் தாங்கும்.

2019ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெஃப்ரி பீச்சின் குழு வெளியிட்ட சோதனைதான் அப்பாவின் கேள்விக்கு நான் கண்ட நேரடியான பதில். அதற்கு முன் மின்னழுத்தம் கொடுத்து ஆக்சிஜன் அயனிகளைக் கோபால்ட் எல்லைக்கு நகர்த்திக் காந்தத்தை மாற்றிப் பார்த்திருந்தார்கள். ஆக்சிஜன் பெரியது. சூடு தேவைப்பட்டது, போய்வந்த வழியெல்லாம் சேதம், கோபால்ட் துருப்பிடித்தது, முழுசாகத் திரும்பவில்லை. பீச் குழு ஆக்சிஜனுக்குப் பதிலாக ஹைட்ரஜன் அயனியை, அதாவது வெறும் புரோட்டானை அனுப்பியது. கோபால்ட்டின் மேல் கடோலினியம் ஆக்சைடு, அதன் மேல் மின்முனை. சின்ன மின்னழுத்தம் கொடுத்தால் புரோட்டான் ஆக்சைடு வழியாக இறங்கி எல்லைக்கு வரும், காந்தம் 90 டிகிரி திரும்பும். அழுத்தத்தை மாற்றினால் புரோட்டான் போய்விடும், காந்தம் பழைய இடத்துக்கு வரும். அறை வெப்பத்தில், 2000 தடவைக்கு மேல், காந்தப் பண்புகள் கெடாமல். பல்லேடியம், கோபால்ட், பல்லேடியம் என்ற அடுக்கிலும் அதையே செய்தார்கள்.

அந்தப் புரோட்டான்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? சிலிண்டரிலிருந்து அல்ல. காற்றிலுள்ள ஈரம் மின்முனையில் உடைந்து வருகின்றன. எண்ணெய் டின்னில் பல்பு போட்டு எது உள்ளே போகக் கூடாது என்று எங்கள் பட்டறை பாடுபட்டதோ, அதே ஈரம். இதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "அங்க பாரம் ஏத்தலை இல்ல" என்றார்.

நான் வேலை பார்க்கும் உலகத்தில் 2000 என்பது சின்ன எண். பென் டிரைவில் இருக்கும் சாதாரண ஃப்ளாஷ் நினைவகமே அந்த அளவு அழித்தெழுதலைத் தாங்கிவிடும். கணினியின் வேலை நினைவகம் என்றால் கோடி கோடியாக வேண்டும். வேகமும் தடை. எலக்ட்ரான் ஓடும், புரோட்டான் நடந்துதான் போக வேண்டும். எனவே நாளைக்கே ஈரக்காற்றில் எழுதும் ஹார்ட் டிஸ்க் வந்துவிடும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். குறைந்த மின்சாரத்தில் நிலையை மாற்றி, மின்சாரமே இல்லாமல் பிடித்துவைக்கும் சாதனமாக அது வரலாம். அதற்கே இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

எனக்கு இதைவிட அவசரமாகப் படுவது இன்னொரு பயன். 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். இனி ஹைட்ரஜன் தொட்டிகள் நம் தெருக்கள் வழியாகவும் போகும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர்கூடச் சரியாகத் தெரியாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றக்கூடியது. மோப்பம் பிடிக்கும் கருவியும் மின்சாரத்தில் ஓடினால், ஒரு பொறி போதும், கருவியே தீ வைத்துவிடும். கோபால்ட், பல்லேடியப் படலத்தை ஒளியால் வாசிக்கலாம். காந்தப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத்தளம் லேசாகத் திரும்பும் என்பதை ஜான் கெர் 1870களில் கண்டார். அதற்கு 30 வருஷம் முன்பே, கண்ணாடிக்குள் ஒளியைக் காந்தம் திருப்புவதைக் காட்டியவர் அதே வூட்ஸ் ஃபாரடே. ஹைட்ரஜன் வந்ததும் படலத்தின் காந்தம் மாறும், திரும்பிவரும் ஒளி மாறும். கசிவுள்ள இடத்தில் கம்பியே வேண்டாம், லேசர் கீற்றோ கண்ணாடி இழையோ போதும்.

ஆனால் கசிவை அடைத்து, காற்று சுத்தமான பிறகு படலத்தில் உள்ள ஹைட்ரஜன் முழுக்க வெளியேற வேண்டும். பல்லேடியத்தின் மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜன் அதைப் பிடித்துத் தண்ணீராக்கும், அப்படித்தான் காலியாகிறது. உள்ளே போவதைவிட வெளியே வர அதிக நேரம் எடுக்கலாம். எல்லையில் கொஞ்சம் தங்கிவிட்டால் கருவியின் பூஜ்யம் நகர்ந்துவிடும். அடுத்த தடவை வருகிற சின்னக் கசிவை அது ஏற்கெனவே இருந்ததாக நினைத்துச் சும்மா இருக்கும்.